நெட்வொர்க்குக்குத் தெரிந்தது உங்களையா, உங்கள் சிம்மையா?

கேள்வி இதுதான்: "எம்.இ. இறுதியாண்டு படிக்கிறேன். டெலிகாம் நெட்வொர்க்கில் வெப் சர்வீஸ்களுக்கான யூசர் ப்ரொஃபைல், சர்வீஸ் ப்ரொஃபைல் பற்றி புராஜெக்ட் எடுத்திருக்கிறேன். கிடைக்கிற கட்டுரைகள் எல்லாம் பழையவை. எக்ஸ்எம்எல் ஃபைல் வடிவம், பார்லே எக்ஸ் என்ற டெலிகாம் இடைமுகம் என்று போகின்றன. இன்றைக்கு நிஜ நெட்வொர்க்கில் இது எப்படி நடக்கிறது? மொபைலில் நான் என்ன பார்க்கிறேன் என்பது வரைக்கும் ஆபரேட்டருக்குத் தெரியுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பெரும்பாலும் தெரியும். அங்கே போய் என்ன படித்தீர்கள், யாருக்கு என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. எத்தனை எம்பி, எவ்வளவு நேரம், எந்த டவரிலிருந்து, எந்த மாடல் போனில் என்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும்.

நான் கோர் நெட்வொர்க்கில், அதாவது டவர்களுக்குப் பின்னால் இருக்கும் மைய நெட்வொர்க்கில், பாலிசி (யாருக்கு என்ன விதி), சார்ஜிங் (கணக்கு) பக்கம் வேலை பார்த்தவன். அதனால் ரேடியோ சமாச்சாரங்களை விட்டுவிட்டு எனக்குப் பழகிய பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரைகளில் யூசர் ப்ரொஃபைல் என்று வருவது உண்மையில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள். ஒன்று, நீங்கள் எடுத்த இணைப்புக்கு என்னென்ன உண்டு என்று எழுதி வைத்த பதிவு. இன்னொன்று, உங்கள் போக்குவரத்தைப் பார்த்து ஆபரேட்டர் ஊகித்து வைத்திருப்பது. முதலாவதில் ஒரு எழுத்து தப்பினாலும் உங்கள் போன் வேலை செய்யாது, அரை மணி நேரத்தில் கஸ்டமர் கேருக்குப் புகார் போய்விடும். இரண்டாவது தலைகீழாகத் தப்பாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் சேர்த்துத்தான். ஆராய்ச்சிக் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு மேலே 'ப்ரொஃபைல் சர்வர்' என்று எழுதிவிடுகின்றன. படத்துக்கு அழகாக இருக்கும், நெட்வொர்க்கில் அப்படி ஒரு பெட்டி கிடையாது.

எழுதி வைத்த பதிவை எடுத்துக்கொள்வோம். 2ஜி காலத்தில் அது இருந்த இடம் ஹெச்எல்ஆர் என்ற டேட்டாபேஸ். 4ஜியில் ஹெச்எஸ்எஸ். 5ஜியில் யூடிஎம் என்று ஒரு பகுதியும், அதற்குப் பின்னால் தரவை வைத்திருக்கும் யூடிஆரும். பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது, காரியம் ஒன்றுதான். உங்கள் ஐஎம்எஸ்ஐ, அதாவது சிம்முக்குள் இருக்கும் 15 இலக்க எண், இந்திய இணைப்பாக இருந்தால் 404 அல்லது 405 என்று தொடங்கும். அதன்கூட சிம்முக்கும் ஆபரேட்டருக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சாவி, எந்த ஏபிஎன் (டேட்டா வெளியே போகும் வாசலின் பெயர்) வழியாக டேட்டா போகலாம், அதிகபட்ச வேகம் எவ்வளவு, ரோமிங் உண்டா, வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகக் குரல் அழைப்பு, உண்டா. இவ்வளவுதான். உங்கள் பெயரோ விலாசமோ இதில் இல்லை. அதெல்லாம் பில்லிங், கஸ்டமர் சிஸ்டம் பக்கம் தனியாக இருக்கிறது. ரேஷன் கார்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: அரிசி அட்டையா சர்க்கரை அட்டையா என்பதுதான் கடைக்காரருக்கு வேண்டும், வீட்டில் இன்று என்ன சமையல் என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம்.

ஏரோபிளேன் மோடை எடுத்துவிட்ட அடுத்த கணம் நடப்பதைப் பார்த்தால் இந்தப் பதிவு எப்படிப் பயன்படுகிறது என்பது விளங்கும். 4ஜியில், உங்கள் போன், இணைப்புகளைக் கவனிக்கும் எம்எம்இ என்ற பகுதியிடம் நான் வந்துவிட்டேன் என்கிறது. எம்எம்இ, ஹெச்எஸ்எஸ்ஸிடம் கேட்டு சிம் அசல்தானா என்று சோதிக்கிறது. சரி என்றதும் ஹெச்எஸ்எஸ் மேற்சொன்ன பதிவின் நகலை எம்எம்இக்கு அனுப்பிவிடுகிறது. பிறகு இணையத்தின் வாசலான பி-கேட்வே உங்களுக்கு ஒரு ஐபி முகவரி தருகிறது. தருவதற்கு முன் பிசிஆர்எஃப் என்ற பாலிசி சர்வரிடம், இவருக்கு என்ன விதி என்று கேட்கிறது. பிசிஆர்எஃப், ஆன்லைன் சார்ஜிங் சிஸ்டமான ஓசிஎஸ்ஸிடம் இவருடைய இன்றைய கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிக்கிறது. விதி வந்ததும் பி-கேட்வே நேராக ஓசிஎஸ்ஸிடம் போய்க் கொஞ்சம் கோட்டா வாங்கிக்கொள்கிறது. இத்தனையும் நீங்கள் திரையில் 4ஜி குறி வந்துவிட்டதா என்று பார்க்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

உங்கள் பேக் நாளொன்றுக்கு 1.5 ஜிபி என்றால் ஓசிஎஸ் அதை மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பதில்லை. துண்டு துண்டாகத்தான் கொடுக்கும், தீர்ந்ததும் பி-கேட்வே திரும்ப வந்து கேட்கும். கடைசித் துண்டும் தீர்ந்தால் ஓசிஎஸ்ஸில் உங்கள் கவுன்டரின் நிலை மாறுகிறது. அந்தச் சேதி பிசிஆர்எஃப்புக்குப் போகிறது. அது வேகத்தை 64 கேபிபிஎஸ்ஸாகக் குறைக்கும் புது விதியை பி-கேட்வேக்குத் தள்ளிவிடுகிறது. உங்களுக்கு '100% தீர்ந்துவிட்டது' என்று ஒரு எஸ்எம்எஸ். நள்ளிரவில் கவுன்டர் பழைய நிலைக்குத் திரும்புகிறது, விதியும் திரும்புகிறது. நெட்வொர்க் உலகில் மிக நன்றாக வேலை செய்யும் ப்ரொஃபைலிங் இதுதான் என்பது என் கருத்து. இதில் ஊகம் என்பதே இல்லை. ஒரு எண், ஒரு வரம்பு, ஒரு விதி.

சர்வீஸ் ப்ரொஃபைலுக்கு வருவோம். ஒரு சேவைக்கு நெட்வொர்க்கிடமிருந்து என்ன வேண்டும் என்பதன் விவரம் அது. மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு இதை க்யூசிஐ என்ற எண்களாகச் சுருக்கி வைத்திருக்கிறது. குரல் அழைப்பு க்யூசிஐ 1: பாக்கெட் 100 மில்லிசெகண்டுக்குள் போய்ச் சேர வேண்டும், நூற்றில் ஒன்று தொலைந்தால் பரவாயில்லை. க்யூசிஐ 3, உடனுக்குடன் ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கானது: 50 மில்லிசெகண்ட். சாதாரண இணையம் க்யூசிஐ 9: 300 மில்லிசெகண்ட் ஆகலாம், ஆனால் தொலைவது பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு வகுப்பு என்று அழகாகப் பிரித்திருப்பார்கள். நடைமுறையில், வோல்ட்டி குரலும் அதன் சிக்னலிங்கும் தனித் தடத்தில் போகும், மிச்சம் எல்லாம் ஒரே டீஃபால்ட் தடம்தான். யூடியூபும் வங்கிச் செயலியும் ஆன்லைன் விளையாட்டும் ஒரே கும்பலில் இடித்துக்கொண்டு போகின்றன. அந்த டேபிளைப் பார்த்துவிட்டு நெட்வொர்க் ஒவ்வொரு ஆப்பையும் தனித்தனியாகக் கவனித்துக்கொள்கிறது என்று எழுதிவிடாதீர்கள். எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் டெலிகாம்காரராக இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்வார்.

ஆனால் எது எந்தச் சேவை என்று அடையாளம் காண்பது மட்டும் எல்லா இடத்திலும் நடக்கிறது. கணக்கெழுதவும் நெரிசலைத் திட்டமிடவும் அது வேண்டும். எப்படிக் காண்கிறார்கள்? பழைய ஹெச்டிடிபி காலத்தில் முழு யூஆர்எல்லும் பச்சையாகத் தெரியும். பாக்கெட்டின் உள்ளே பிரித்துப் பார்க்கும் டிபிஐ பெட்டி ஒன்றை நடுவில் வைத்தால் போதும். இப்போது எல்லாம் என்கிரிப்ட் ஆன ஹெச்டிடிபிஎஸ். உள்ளே இருப்பது தெரியாது என்றாலும், இணைப்பைத் தொடங்கும்போது பிரௌசர் அனுப்பும் முதல் சேதியில், 'கிளையன்ட் ஹலோ' என்பார்கள், போக வேண்டிய தளத்தின் பெயர் மறைக்கப்படாமல் இருக்கும். அந்தப் புலத்தின் பெயர் எஸ்என்ஐ. ஒரே ஐபியில் ஆயிரம் தளங்கள் குடியிருக்கும்போது சர்வர் யாருடைய சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது தேவைப்பட்டது. டிபிஐகாரர்கள் இத்தனை வருடம் பிழைத்தது அந்த ஒரு புலத்தால்தான்.

உங்கள் லேப்டாப்பிலேயே, பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து இதைப் பார்க்கலாம். வங்கித் தளம் ஒன்றைத் திறங்கள், கிளையன்ட் ஹலோவை விரித்துப் பாருங்கள். வங்கியின் முகவரி எழுத்துக்கு எழுத்து அங்கே நிற்கும். அடுத்த பாக்கெட்டுகளில் வெறும் குப்பை எழுத்துகள். ஆபரேட்டருக்குக் கிடைப்பதும் அதேதான். இனி, பல தளங்களுக்கு முன்வாசலாக நிற்கும் க்ளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் பின்னாலிருக்கும் ஏதாவது தளத்தை, டிஎன்எஸ்ஸையும் (தளத்தின் பெயருக்கு ஐபி தேடும் கேள்வியையும்) மறைத்துப் புதிய ஃபயர்பாக்ஸில் திறந்தால், நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனாலும் வெளியே தெரிவது க்ளவுட்ஃப்ளேரின் பொதுப் பெயர் ஒன்றாக இருக்கலாம். கிளையன்ட் ஹலோவையே என்கிரிப்ட் செய்யும் ஈசிஹெச் என்ற ஏற்பாடு அது. 2023 வாக்கில் பெரிய பிரௌசர்களில் வந்தது. அதற்கு முன்பே 2021-ல் ஆப்பிள், பயனர் போகும் தளத்தை நெட்வொர்க்கிடமிருந்து மறைக்கும் பிரைவேட் ரிலேயைக் கொண்டுவந்தபோது ஐரோப்பாவின் பெரிய ஆபரேட்டர்கள் சிலர் சேர்ந்து ஐரோப்பிய ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார்கள். நெட்வொர்க்கை நிர்வகிக்கத் தேவையான தகவல் கைவிட்டுப் போகிறது என்பது அவர்கள் வாதம். அதில் பாதி நியாயம் உண்டு. மறுபாதி, தங்கள் அடிமடியில் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்ற பதற்றம்.

பெயரும் மறைந்துவிட்டால் பாக்கி இருப்பது நடத்தை. ஸ்ட்ரீமிங் வீடியோ சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு பெரிய துண்டை இழுத்துவிட்டு அமைதியாக இருக்கும். இணையவழிக் குரல் அழைப்பில் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் இரண்டு பக்கமும் சீராக ஓடும். இந்த வடிவங்களை மிஷின் லேர்னிங்கிடம் கொடுத்தால், இது வீடியோ, இது அழைப்பு என்ற அளவுக்கு நன்றாகவே சொல்லும். எந்த நிறுவனத்தின் வீடியோ என்பதில் தடுமாறும்.

அடையாளம் கண்டபின் அதை என்ன செய்யலாம் என்பதில் இந்தியாவில் கை கட்டப்பட்டிருக்கிறது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தின் மேல் நடந்த சண்டை நினைவிருக்கும். 2016 பிப்ரவரி 8-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக்கூடாது என்று ஒழுங்குமுறை போட்டது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சவரம்பு 50 லட்சம். வாட்ஸ்அப்புக்கு மட்டும் தனி பேக், ஃபேஸ்புக் மட்டும் இலவசம் என்ற காலம் அதோடு முடிந்தது. அமெரிக்காவில் டி-மொபைல் 2015 நவம்பரில் 'பிஞ்ச் ஆன்' என்று வீடியோவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, பதிலுக்கு 480பி தரத்துக்கு இறக்கியது. அந்த மாதிரித் திட்டத்துக்கு இங்கே வழியில்லை. வெளிநாட்டுக் கட்டுரையிலிருந்து யூஸ் கேஸ் எடுக்கும்போது இதைக் கவனியுங்கள்.

இப்போது ஊகித்த ப்ரொஃபைல். பேச வேண்டியது இங்கேதான் அதிகம்.

ஆபரேட்டருக்குக் கிடைக்கும் மூலப்பொருள் மோசமில்லை. போனுக்கே உரிய ஐஎம்இஐ எண்ணில் முதல் எட்டு இலக்கத்தை வைத்தே மாடல் என்ன என்று தெரிந்துவிடும். செல் ஐடிகளின் வரிசை, அழைப்புகளின் பதிவு, ரீசார்ஜ் செய்யும் தேதி, தொகை. இரவில் தொடர்ந்து ஒரே செல்லில் இருந்தால் அது வீடு. காலையில் செங்கல்பட்டு–பீச் மின்ரயில் பாதையின் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் ரயில் பயணி. ரீசார்ஜ் காலம் முடிந்தும் சில நாள் சும்மா இருந்தால் வேறு கம்பெனிக்குத் தாவப் போகிறார் என்ற சந்தேகம். உடனே 'உங்களுக்கு மட்டும்' என்று சலுகை எஸ்எம்எஸ். இந்தக் கடைசிச் சங்கதி, அதாவது தாவுவதைக் கணிப்பது, ஆபரேட்டர்கள் உண்மையிலேயே காசு பார்க்கும் ப்ரொஃபைலிங். மற்றவை பெரும்பாலும் பிரசன்டேஷனில் நன்றாக இருக்கும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? நம் ஊரில் சிம் வேறு, ஆள் வேறு. கல்லூரிப் பெண் வைத்திருக்கும் சிம் அப்பா பெயரில் இருக்கும். பதிவில் வயது 56, ஆண், பார்ப்பதோ கொரியன் டிராமா. பெரியவர் பெயரில் மூன்று சிம், மூன்றும் மூன்று பேர் கையில். போனில் இரண்டு சிம் ஸ்லாட். ஒன்றில் டேட்டா, மற்றதில் ஓடிபி. அந்த ஓடிபி சிம்மை மட்டும் பார்க்கும் ஆபரேட்டருக்கு, இந்த மனிதர் இணையமே பயன்படுத்தாத ஏழை. பக்கத்துக் கம்பெனிக்கோ அவர் தினமும் கோட்டாவைத் தீர்க்கும் பெரும்புள்ளி. ஹாட்ஸ்பாட் போட்டால் வீட்டில் நான்கு பேரின் ருசியும் ஒரு ஐஎம்எஸ்ஐயின் தலையில் விழும். வீட்டுக்கு வந்ததும் வைஃபைக்கு மாறினால் மாலை ஆறு மணிக்கு மேல் அந்த ஆளே காணாமல் போய்விடுவார். மேற்கத்தியக் கட்டுரைகளில் ஒரு ஆள், ஒரு போன், ஒரு மாதப் பில் என்ற அனுமானம் சொல்லாமலே உள்ளே உட்கார்ந்திருக்கும். அதை அப்படியே இந்திய ப்ரீபெய்டுக்குக் கொண்டுவந்தால் மாடலின் துல்லியம் பேப்பரில் மட்டும்தான் இருக்கும். உங்கள் புராஜெக்டில் புதிதாக ஏதாவது சொல்ல விரும்பினால் இந்த இடத்தில் சொல்ல நிறைய இருக்கிறது.

பெயரை நீக்கிவிட்டால் பாதுகாப்பு என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2013-ல் வந்த ஒரு ஆய்வில், 15 லட்சம் பேரின் மொபைல் இடப்பதிவுகளை எடுத்து, நேரமும் இடமுமாக நான்கே புள்ளிகள் தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று காட்டினார்கள். வீடு, அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை போகிற இடம் என்று எண்ணிப் பாருங்கள், நான்கு புள்ளி சட்டென்று தேறிவிடும்.

இந்தத் துறை கையைச் சுட்டுக்கொண்ட கதைகளைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே தவறுதான்: ப்ரொஃபைலை, அல்லது அதைத் திறக்கும் சாவியை, கோரிக்கையோடு சேர்த்து வெளியே அனுப்பிவிடுவது.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. 1999 பிப்ரவரி 22-ல் ஜப்பானில் மொபைல் ஆபரேட்டரான என்டிடி டோகோமோ, ஐ-மோட் என்ற மொபைல் இணையச் சேவையைத் தொடங்கியது. அதிகாரபூர்வ மெனுவில் இடம்பெற்ற தளங்களின் மாதச் சந்தாவை போன் பில்லிலேயே வசூலித்து, 9 சதவீதம் தனக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தளக்காரருக்குக் கொடுத்தது. யார், எந்தச் சேவை, எவ்வளவு என்ற மூன்றையும் ஆபரேட்டரே தன் வீட்டுக்குள் சேர்த்தார். மற்ற நாடுகளில், பழைய போன்களை இணையத்தோடு இணைத்த வாப் கேட்வேக்கள் அதே காரியத்தைச் செய்யப் போய், ஒவ்வொரு ஹெச்டிடிபி கோரிக்கையின் ஹெடரிலும் (தலைப்பகுதியிலும்) வாடிக்கையாளரின் போன் நம்பரைச் செருகி அனுப்பும் பழக்கம் வந்தது. கூட்டாளித் தளங்களுக்கு மட்டும் என்பது ஏற்பாடு. 2012 ஜனவரியில் பிரிட்டனின் ஓ2வில், பராமரிப்பு வேலை ஒன்றில் அந்த 'மட்டும்' கழன்று விழுந்தது. சுமார் இரண்டு வாரம், வாடிக்கையாளர் திறந்த தளங்களுக்கெல்லாம் அவர்களுடைய போன் நம்பர் போய்க்கொண்டிருந்தது. ஒரு வாடிக்கையாளர் கண்டுபிடித்து ஊரைக் கூட்டிய பிறகுதான் நிறுத்தினார்கள்.

அமெரிக்காவின் வெரைசன் அதைவிடச் சாமர்த்தியம் காட்டியது. போன் நம்பருக்குப் பதில் யூஐடிஹெச் என்ற அடையாளச் சரத்தை 2012 முதல் ஹெடரில் செருகியது. பிரௌசரில் குக்கியை அழித்தாலும் இது அழியாது, நெட்வொர்க்கிலேயே ஒட்டப்படுவதால். விளம்பர நிறுவனம் ஒன்று இதை வைத்து, மக்கள் அழித்த குக்கிகளுக்குத் திரும்ப உயிர் கொடுத்தது 2015 தொடக்கத்தில் அம்பலமானது. 2016 மார்ச்சில், அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசியிடம் 13.5 லட்சம் டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது வெரைசன். அந்தக் கம்பெனியின் வருமானத்துக்கு அது டீச்செலவு.

இங்கே 2015 ஜூனில், பெங்களூரு நிரலாளர் ஒருவர் ஏர்டெல் 3ஜியில் தன் சொந்தத் தளத்தைத் திறந்தபோது, தான் எழுதாத ஜாவாஸ்கிரிப்ட் துண்டு ஒன்று பக்கத்துக்குள் இருப்பதைப் பார்த்து, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டார். அந்த ஸ்கிரிப்டின் பின்னால் இருந்த ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்திடமிருந்து அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. டேட்டா பயன்பாட்டை வாடிக்கையாளருக்குப் புரியவைக்கும் ஏற்பாடுதான் இது, நோட்டீஸுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்றது ஏர்டெல். நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும், வாடிக்கையாளரின் பக்கத்துக்குள் மூக்கை நுழைத்தது மூக்கை நுழைத்ததுதான். ஹெச்டிடிபிஎஸ் பரவிய பிறகு இந்த விளையாட்டுகள் தானாகவே ஓய்ந்தன. என்கிரிப்ட் ஆன பக்கத்துக்குள் ஹெடரும் செருக முடியாது, ஸ்கிரிப்டும் செருக முடியாது. சட்டம் சாதித்ததைவிட கணிதம் சாதித்தது அதிகம்.

காலர் டியூன், ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர் என்று ஏதோ ஒரு பேனரில் விரல் பட்டதற்கே பேலன்ஸிலிருந்து காசு போன காலத்தையும் இதே கணக்கில் சேர்க்கலாம். வாப் கேட்வேக்கு உங்கள் நம்பர் தெரியும், ஆகவே ஒரு கிளிக் போதும் என்பதுதான் அதன் தொழில்நுட்பம். 2013 ஜூலையில் டிராய், இரண்டு முறை சம்மதம் வாங்காமல் எந்த மதிப்புக்கூட்டுச் சேவையையும் தொடங்கக்கூடாது என்று கட்டளையிட்டது.

சரி, இன்றைக்கு வெப் சர்வீஸ்களுக்கு இந்தத் தகவல் எப்படிப் போகிறது? உங்கள் ஆபரேட்டரின் சொந்தச் செயலியை மொபைல் டேட்டாவில் திறந்தால் சில சமயம் லாகின் கேட்காமலே பேலன்ஸைக் காட்டும், வைஃபையில் திறந்தால் ஓடிபி கேட்கும். மொபைல் டேட்டாவில் உங்களுக்குத் தந்த ஐபி எந்த சிம்முக்குச் சொந்தம் என்பது கோர் நெட்வொர்க்குக்குத் தெரியும், அவ்வளவுதான் விஷயம். இதே வசதியை வெளியாருக்கும் ஒழுங்காகக் கொடுக்கத்தான் 2022-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் காமரா திட்டம் வந்தது. 2023 பிப்ரவரியில் பார்சிலோனா மாநாட்டில், மொபைல் ஆபரேட்டர்களின் சங்கமான ஜிஎஸ்எம்ஏ, 21 ஆபரேட்டர் குழுமங்களுடன் ஓப்பன் கேட்வே என்ற கூட்டு முயற்சியை அறிவித்தது.

காமராவின் சிம் ஸ்வாப் ஏபிஐயை (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் கேட்டுப் பதில் வாங்கும் வழி) எடுத்துப் பாருங்கள். வங்கி ஒரு போன் நம்பரைக் கொடுத்து, கடந்த இத்தனை மணி நேரத்தில் இதன் சிம் மாற்றப்பட்டதா என்று கேட்கும். எவ்வளவு நேரம் என்று சொல்லாவிட்டால் 240 மணி நேரம். பதில் ஆம் அல்லது இல்லை. போலி சிம் வாங்கி ஓடிபி திருடுபவனைப் பிடிக்க அது போதும். நம்பர் சரிபார்ப்பு ஏபிஐயும் அப்படித்தான்: இந்த நம்பர்தான் இந்தப் போனில் இருக்கிறதா, ஆம் அல்லது இல்லை. இடம் சரிபார்ப்புக்கு ஒரு மையமும் ஆரமும் கொடுத்து, அந்த வட்டத்துக்குள் இருக்கிறாரா என்று கேட்கலாம். உள்ளே, வெளியே, ஓரளவு, தெரியவில்லை என்று நான்கில் ஒரு பதில். ஆள் எங்கே இருக்கிறார் என்பது வெளியே போவதில்லை. சிம் மாறிய தேதியையே தரும் இன்னொரு அழைப்பும் அதே ஏபிஐயில் இருக்கிறது. வங்கிக்கு அது எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ப்ரொஃபைலைக் கொடுக்காதே, பதிலை மட்டும் கொடு என்பதை உங்கள் டிசைனின் முதல் விதியாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

நீங்கள் படித்த பழைய கட்டுரைகளை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். 3ஜிபிபி ரிலீஸ் 6-ல் 'ஜெனரிக் யூசர் ப்ரொஃபைல்' என்று ஒன்றைத் தரப்படுத்தினார்கள். சிதறிக் கிடக்கும் தரவை எக்ஸ்எம்எல்லில் ஒரே முகமாகக் காட்டும் திட்டம். பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த எண்ணம் 5ஜியில் வேறு உருவில் வந்து உட்கார்ந்துவிட்டது. 5ஜி கோரே இப்போது வெப் சர்வீஸ்களின் கூட்டம்தான்: ஹெச்டிடிபி/2, ஜேசன், ஓப்பன் ஏபிஐ என்று எல்லாம் வெப் உலகில் புழங்கும் அதே தரங்கள். யூசர் ப்ரொஃபைல் யூடிஆரில். சர்வீஸ் ப்ரொஃபைல் என்ஆர்எஃப் என்ற பதிவேட்டில்: ஒவ்வொரு நெட்வொர்க் பகுதியும் எழுந்ததும் தன் வகை, திறன், தற்போதைய சுமை, முன்னுரிமை எல்லாம் கொண்ட 'என்எஃப் ப்ரொஃபைல்' ஒன்றை அங்கே பதிவு செய்ய வேண்டும். யாருக்கு எந்தச் சேவை வேண்டுமோ அவர்கள் அங்கே வந்து தேடிக்கொள்வார்கள். 2000-களில், சேவைகளை விவரித்துப் பட்டியலிடும் டபிள்யூஎஸ்டிஎல், யூடிடிஐ தரங்களை வைத்து எழுதப்பட்ட கனவு, வெளி இணையத்தில் செத்துப்போய் டெலிகாம் கோருக்குள் மறுபிறவி எடுத்திருக்கிறது.

சட்டம் பற்றி இரண்டு வரி. 2021 டிசம்பர் லைசென்ஸ் திருத்தத்தின்படி அழைப்புப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான டிபிடிபி சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முழுதாக அமலுக்கு வருவது படிப்படியாக. சம்மதம், நோக்கம், அழிப்பு மூன்றையும் உங்கள் ஆர்க்கிடெக்சரில் இப்போதே ஒரு இடத்தில் காட்டிவிடுங்கள். குறிப்பாக ஊகித்த புலங்கள் ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி வையுங்கள். ஆறு மாதம் முந்தைய 'ரயில் பயணி' இன்று வேலை மாறி ஓஎம்ஆரில் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கலாம்.

புராஜெக்டுக்கு ஆபரேட்டர் தரவு கிடைக்குமா என்று அலையாதீர்கள், கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. சேவையை அடையாளம் காணும் பகுதிக்கு நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஐஎஸ்சிஎக்ஸ் 2016 என்ற நெட்வொர்க் போக்குவரத்துத் தரவுத் தொகுப்பு இருக்கிறது. பயிற்சிக்கு முன் ஐபி, போர்ட், எஸ்என்ஐ மூன்றையும் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மாடல் நடத்தையைக் கற்காமல் விலாசத்தை மனப்பாடம் செய்துவிட்டு 99 சதவீதம் என்று பீற்றிக்கொள்ளும். அப்படி வெளிவந்த பேப்பர்கள் ஏராளம்.

கோர் பகுதிக்கு ஓப்பன்5ஜிஎஸ் (5ஜி கோர் மென்பொருள்), யூஇரான்சிம் (போலிப் போனும் போலி டவரும்) இரண்டையும் ஒரே லேப்டாப்பில் நிறுவலாம். சப்ஸ்கிரைபர் பதிவு மோங்கோடிபி டேட்டாபேஸில் ஒரு சின்ன ஆவணமாக இருக்கும். ஐஎம்எஸ்ஐ, சாவி, வேக வரம்பு, க்யூஓஎஸ் எண் 9. பெயருக்கு அதில் இடமே இல்லை என்பதை நீங்களே பார்க்கலாம். வயர்ஷார்க்கை லூப்பேக்கில் (லேப்டாப்புக்குள்ளேயே ஓடும் போக்குவரத்தில்) வைத்து, 7777 போர்ட்டை ஹெச்டிடிபி/2 ஆக டீகோட் செய்து, கோரைத் தொடங்குங்கள். முதலில் ஒவ்வொரு பகுதியும் என்ஆர்எஃப்பில் தன் ப்ரொஃபைலைப் பதிவு செய்யும். அப்புறம் போலிப் போன் ஒன்றை இணையுங்கள். யூடிஎம்முக்குப் போகும் கோரிக்கையின் யூஆர்எல்லிலேயே ஐஎம்எஸ்ஐ முழுதாக எழுதப்பட்டிருக்கும். டிஎல்எஸ் என்கிரிப்ஷன் போடாமல் ஓட்டினால் நடுவில் இருக்கும் எந்த லாகிலும் அது பதிவாகிவிடும். இந்த இடத்தில் டிஎல்எஸ்ஸைப் போட்டு, லாகில் எண்ணை மறைத்து, முன்னும் பின்னும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்; வைவாவில் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும்.